அறுத்து எடுத்தாயிற்று, இன்னும் மருந்து எதற்கு?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நம் தலைமுறைக்கு உடனே நினைவுக்கு வரும். அவருடைய தங்கை 1923ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் துக்கம்தான் அவரைப் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முப்பது வருஷம் விடாமல் போராட வைத்தது. 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

அந்தத் தங்கையின் காலத்தில் குடல் புற்றுநோய்க்குக் கத்தி ஒன்றே வழி. இன்று கத்தி முடிந்த பிறகு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. எனக்கு அது 72 வயதில் வந்தது. பெருங்குடலில் இருந்த கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள், ஓரங்கள் சுத்தம். ஆனால் பரிசோதித்த 18 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் இருந்தது. மூன்றாம் நிலை என்றார் டாக்டர். "அதான் எடுத்தாச்சே அண்ணே, இன்னும் எதுக்கு கீமோ?" என்று கீரப்பாளையத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1932ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கத்பர்ட் டியூக்ஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், வெட்டி எடுத்த மலக்குடல்களைப் பரிசோதித்து நோயை ஏ, பி, சி என்று பிரித்தார். குடல் சுவருக்குள் நின்றால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, கணுக்களுக்குப் போய்விட்டால் சி. சி பிரிவில் இருந்தவர்களுக்கு, அறுவை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், பலருக்கு நோய் திரும்பியது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலில் கோரையை மேலே பிடுங்கிவிடலாம், மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் அடுத்த பட்டத்தில் மறுபடி தலைகாட்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நோய் திரும்புவதைப் பிரெஞ்சில் 'ரெசிதிவ்' என்பார்கள். தண்டனை முடிந்து வெளியே வந்தவன் மறுபடி குற்றம் செய்வதற்கும் அதே சொல்தான். கீமோவின் நோக்கத்தை இந்தச் சொல் எனக்குப் புரிய வைத்தது. பிடிபட்டவனுக்கான தண்டனை அல்ல அது. ஊருக்குள் பதுங்கியிருக்கக்கூடிய கூட்டாளிகளைத் தேடும் காவல்.

அந்தக் காவலுக்கான மருந்து 1957ல் வந்தது. புற்றுநோய்ச் செல்கள் யுராசில் என்ற பொருளை அதிகமாக உறிஞ்சுகின்றன என்ற செய்தியை வைத்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கர் அந்த யுராசிலில் ஒரு ஃப்ளோரின் அணுவைச் சேர்த்தார். செல் அதை உணவென்று எடுத்துக்கொண்டு பெருக முடியாமல் மடியும். எலிக்குத் தீனியில் மருந்து வைப்பது போலத்தான். இதுவே 5-எஃப்.யூ. அதன் வேலையைக் கூட்டுவதற்குச் சேர்க்கும் லூகோவோரின், ஃபோலிக் அமிலத்தின் உறவு. அந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

மருந்து கிடைத்தும், அறுவைக்குப் பின் கொடுத்தால் பலன் உண்டா என்று தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1990ல் அமெரிக்காவின் சார்லஸ் மோர்டல் குழு, 5-எஃப்.யூ.வுடன் லெவாமிசோல் என்ற பூச்சி மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, கணுவுக்குப் பரவியவர்களிடம் நோய் திரும்புவது 41 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. பிறகு லெவாமிசோலின் இடத்தை லூகோவோரின் பிடித்துக்கொண்டது.

அடுத்த அத்தியாயம் ஜப்பானில் தொடங்கிப் பிரான்சில் வளர்ந்தது. 1976ல் நகோயாவில் கிடானி உருவாக்கிய ஆக்ஸாலிப்ளாட்டினைப் பிரெஞ்சு மருத்துவர்கள் நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாரிஸின் தெ கிராமோன், தியரி ஆந்த்ரே ஆகியோர் 2,246 பேரை வைத்து நடத்திய 'மொசாயிக்' ஆய்வு 2004ல் வெளிவந்தது. அதில் மூன்றாம் நிலை நோயாளிகளில், பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 65 பேரும், ஆக்ஸாலிப்ளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களில் 72 பேரும் மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

குமாஸ்தா வேலை பார்த்தவன் கணக்கை அப்படியே விடமாட்டான். என்னைப் போன்ற நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கத்தியே போதும், அவர்களுக்கு மருந்து வீண் உபத்திரவம். முப்பது பேர் அளவுக்கு மருந்து கொடுத்தாலும் நோய் திரும்பும். நடுவில் இருபது பேர் மருந்தால் பிழைக்கிறார்கள். அந்த இருபதில் நான் உண்டா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

விலையும் உண்டு. ஆக்ஸாலிப்ளாட்டின் கைகால் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும், சிலருக்கு அது நீங்காமலே போகும். இதனால்தான் ஆறு மாதம் தேவையா, மூன்று போதுமா என்று ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 12,834 பேரைப் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது: குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு, முக்கியமாக ஆக்ஸாலிப்ளாட்டினோடு கேபசிடபின் மாத்திரை எடுப்பவர்களுக்கு, மூன்று மாதமே ஏறக்குறைய சமம், நரம்புத் தொல்லையோ மிகக் குறைவு. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஆக்ஸாலிப்ளாட்டின் தரும் கூடுதல் பலன் தெளிவாக இல்லை என்றும் தொகுப்புகள் காட்டின.

இரண்டாம் நிலைக்காரர்களின் கணக்கு வேறு. 2007ல் வெளிவந்த 'குவாசர்' ஆய்வில் மருந்தால் பிழைத்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். 2022ல் ஆஸ்திரேலியாவில், ரத்தத்தில் புற்றின் மரபணுத் துணுக்கு மிதக்கிறதா என்று பார்த்து, இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தும், நோய் திரும்புவது கூடவில்லை.

எங்கள் வீட்டில் மகன் "ஸ்ட்ராங்கான மருந்தே போடுங்கப்பா" என்றான். என் மனைவி, "ஏற்கெனவே உடம்பு பாதியாப் போச்சு, எதுவும் வேணாங்க" என்றாள். இரண்டும் பாசம்தான். டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்: மருந்து இல்லாமல் நூற்றில் எத்தனை, மருந்தோடு எத்தனை, என் வயதுக்கு எத்தனை? அவர் பொறுமையாகத் தாளில் எழுதியே காட்டினார். "ஐயா, ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பேனா பிடிக்கிற விரல்களும் சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்வதும் பெரிசு. எட்டுச் சுற்று கேபசிடபின் மாத்திரை மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். பதினான்கு நாள் மாத்திரை, ஏழு நாள் ஓய்வு. உள்ளங்கை கறுத்துத் தோல் உரிந்தது, வயிற்றுப்போக்கில் இரண்டு முறை வாடிப்போனேன். ஆறாம் மாதம் முடித்தேன். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாத ஸ்கேனிலும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை.

மாத்திரை காப்பாற்றியதா, கத்தி அன்றே காப்பாற்றிவிட்டதா, எனக்குத் தெரியாது. என் முடிவு உங்களுக்குப் பொருந்தவேண்டும் என்பதும் இல்லை. இரண்டாம் நிலைக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் கணக்கு மாறும், கட்டியின் எம்.எஸ்.ஐ. சோதனை முடிவாலும் மாறும். அந்த மூன்று கேள்விகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை.