தனிப்பயிற்சிக் கல்லூரியும் கதைப்பாடலும்: நா. வானமாமலையின் ஆய்வுநெறி

முன்னுரை

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் அப்பணியைத் துறந்து பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பல்கலைக்கழகத்திற்கு வெளியே உருவான அவரது ஆய்வு, கதைப்பாடலை வரலாற்றுச் சான்றாக நிலைநிறுத்திய முறையை முத்துப்பட்டன் கதைவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்களம்

1967இல் அவர் நிறுவிய நெல்லை ஆய்வுக்குழுவும், 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழும் பட்டத்தையோ பதவியையோ தகுதியாகக் கொள்ளவில்லை. ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) தொகுப்பிற்குத் தங்கம்மாள்புரம் எஸ்.எஸ். போத்தையா, சிவகிரி எஸ்.எம். கார்க்கி முதலியோர் பாடல் திரட்டி உதவினர். ஊரோடு உறவுடையோரே பாடலைத் தேடிச் சென்றமையால், நூலகங்களில் கிடைக்காத சான்றுகள் ஆய்வுக்கு வந்தன.

அச்சான்றுகளின் தேவை தெளிவானது. கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு (1881) பாளையக்காரர் போர்களுக்குப் பெரிதும் கும்பினி ஆவணங்களைச் சார்ந்தது. தோற்றவர் தரப்பை அறியக் கதைப்பாடல்கள் வேண்டும். வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றை மதுரைப் பல்கலைக்கழகத்தின்வழி வானமாமலை பதிப்பித்ததன் பயன் இதுவே.

முத்துப்பட்டன் கதை

1971இல் அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையின் களம் பொருநைக்கரை. பிராமண இளைஞனாகிய முத்துப்பட்டன், பாபநாச மலைப்பகுதியில் வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா ஆகியோரைக் காதலித்துப் பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கும் போரில் மாண்டு தெய்வமாகிறான். சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயனாக வழிபடப்பெறும் அவனுக்கு இன்றும் செருப்பே காணிக்கை.

இக்கதையின் ஒரு வடிவம், அப்பெண்கள் பிராமணக் குலத்தில் பிறந்து வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்கிறது. இதனைப் பிற்காலச் சேர்க்கை என வானமாமலை கருதினார். கதையின் உள்ளமைப்பும் அவர் முடிவை வலியுறுத்துகிறது. மணமகள் பிறப்பால் பிராமணப் பெண் எனில், மணமகன் பூணூலைக் களைந்ததும் தோல்தொழில் ஏற்றதும் பொருளற்றுப் போகும். செருப்புக் காணிக்கைக்கும் விளக்கம் இராது. சடங்கு காத்துவரும் நினைவைச் சேர்க்கை மறைக்க முயல்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மார்க்சிய நோக்குடைய பதிப்பாசிரியருக்குச் சாதி முரண் மிக்க வடிவமே மூலமாகத் தோன்றக்கூடும். வாய்மொழி மரபில் ஒற்றை மூலம் காண்பதும் அரிது. ஆதலின், சேர்க்கையைப் பிழையென ஒதுக்குவதினும், எக்காலத்தில் எவருக்கு அது தேவைப்பட்டது என வினவுதல் பயன் மிக்கது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்களைத் தெய்வத்தின் மனைவியராக ஏற்கத் தயங்கிய மனநிலைக்கு அச்சேர்க்கையே ஆவணமாகும்.

முடிவுரை

வடிவங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குச் சமூகக் காரணம் தேடும் நெறியே வானமாமலை விட்டுச்சென்ற கொடை. அவர் முடிவுகளை மீள்பரிசீலனை செய்வோருக்கும் அந்நெறியே கருவியாகிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூடும் மக்களிடையே இக்கதை இன்று எவ்வடிவில் வழங்குகிறது என்பதைப் பாடுவோர், இடம், காலம் ஆகிய குறிப்புகளுடன் பதிவு செய்வது அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.