கடைசி வீடு வரை: பெரியம்மையை நம் நாடு வென்ற வரலாறு

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். மன்னர்தம் போர்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். யான் எழுதப் புகுந்ததும் ஒரு போரின் வரலாறே. ஆயின் இப்போரில் வென்றவர் மன்னர் அல்லர். வீழ்ந்தது பகை நாடும் அன்று. பல தலைமுறைகளாக மக்களைக் கொன்றும் குருடாக்கியும் வந்த பெரியம்மை நோயை இந்திய நாடு வேரோடு களைந்த வரலாறு இது.

ஐம்பது வயதைக் கடந்தோர் பலரின் கையில் வட்டமான பெரிய தழும்பு ஒன்றைக் காணலாம். என் கையிலும் அஃது உண்டு. கொல்லிமலை எடப்புளி நாட்டில் யான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், "ஐயா, இது என்ன தழும்பு?" என்று வினவினான். "அம்மை குத்திய தழும்பு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. காசநோய்த் தடுப்பூசியால் அவன் கையில் உண்டான சிறு தழும்பு வேறு, இது வேறு. தனக்கு இத்தழும்பு ஏன் இல்லை என்பதை அம்மாணவன் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பாட்டியாரின் முகம் முழுவதும் அம்மை வடு நிறைந்திருக்கும். ஒரு கண்ணில் பார்வை இல்லை. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் நிகழ்ந்ததைப் பலமுறை கூறியிருக்கின்றார். அம்மை குத்துபவர் ஊருக்கு வந்தார்; சாவடித் திண்ணையில் அமர்ந்தார்; ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குக் குத்தினார். எங்கள் சேரிக்கு அவர் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் சாவடிப் படி ஏறவும் கூடாது. ஊர் முழுமைக்கும் குத்தியாயிற்று என்று எழுதிக்கொண்டு அவர் சென்றுவிட்டாராம். அவ்வாண்டு கோடையில் என் பாட்டியார் ஒரு கண்ணையும் தம்பியர் இருவரையும் இழந்தார். ஏட்டில் ஊர் முழுமை பெற்றிருந்தது. சேரி மட்டும் விடுபட்டிருந்தது. இதனை மனத்திற் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

நோயும் அதன் மாற்றும்

பெரியம்மை ஒரு நச்சுயிரியால் வருவது. நோயாளியின் மூச்சாலும், கொப்புளத்தின் நீராலும், அவர் பயன்படுத்திய துணியாலும் அது பிறரைப் பற்றும். பற்றிய நாளிலிருந்து ஏறத்தாழப் 12 நாள்களில் காய்ச்சல் தோன்றும். பின்னர்க் கொப்புளம் எழும். நம் நாட்டில் பரவிய கொடிய வகையில் நோயுற்ற நால்வருள் ஒருவர் அளவிற்கு இறந்தனர். நோய் வந்த பின் அதனைத் தீர்க்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. நம் முன்னோர் அதனை மாரியம்மையின் விளையாட்டு என்றனர். வாசலில் வேப்பிலை செருகி, வெளியார் வருகையைத் தவிர்த்தனர். அச்சத்தால் எழுந்த வழக்கமாயினும், நோயாளியைத் தனித்திருக்கச் செய்ததால் அதில் ஓரளவு நன்மையும் இருந்தது.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர், மாட்டம்மை வந்த பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற மக்கள் கூற்றைச் சோதித்தார். 1796ஆம் ஆண்டு ஒரு சிறுவனுக்கு மாட்டம்மைப் பாலை ஏற்றி, அக்கூற்றின் உண்மையை நிலைநாட்டினார். பால் கறக்கும் எளிய மக்களின் பட்டறிவிலிருந்தே தடுப்பூசி பிறந்தது என்பதை இளைஞர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

அம்மருந்து பாக்தாத், பாசுரா வழியாகப் பம்பாயை அடைந்தது. 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் அன்னா டஸ்ட்டால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி போடப்பெற்றது. அவ்வாண்டே அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது.

கையிலிருந்து கைக்கு

அந்நாளில் மருந்தைக் கெடாமல் வைக்கும் வசதி இல்லை. ஆதலின் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து பால் எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் ஏற்றினர். இங்குதான் சாதி குறுக்கே வந்து நின்றது. தாழ்த்தப்பட்ட குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலைத் தம் பிள்ளைகளின் உடலில் ஏற்ற உயர்சாதியினர் என்போர் மறுத்தனர். மறுபுறம், பால் எடுப்பதற்காக ஏழைக் குழந்தைகளை ஊர் ஊராக அழைத்துச் சென்று, ஆறாத புண்ணைக் கீறிய கொடுமையும் நடந்தது. அதனைக் கண்ட ஏழைப் பெற்றோரும் அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்தனர். நம் மக்களின் குழந்தைகள் மருந்தைச் சுமக்கும் கலமாக மட்டும் கருதப்பட்ட காலம் அது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கன்றுகளின் தோலிலிருந்து மருந்து எடுக்கும் முறை பரவியதும் இத்துன்பம் நீங்கிற்று. 1899இல் நிறுவப்பெற்ற சென்னைக் கிண்டி கிங் நிலையம் இம்மருந்தைப் பெருமளவில் ஆக்கி அளித்தது.

எண்ணிக்கை நிறைந்தது, நோய் ஒழியவில்லை

நாடு விடுதலை பெற்றபின், 1962ஆம் ஆண்டில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. மூன்று ஆண்டுகளில் மக்களுள் நூற்றுக்கு எண்பது பேருக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் தானே ஒழியும் என எதிர்பார்த்தனர். கோடிக்கணக்கில் ஊசிகள் போடப்பெற்றன. பல மாவட்டங்கள் இலக்கை எய்தியதாகக் கணக்குக் காட்டின. ஆயினும் நோய் ஒழியவில்லை.

காரணம் யாது? ஊசி போடுபவர்க்கு எண்ணிக்கை வேண்டும். எளிதில் கிடைப்போர் பள்ளிப் பிள்ளைகள். ஆதலின் அவர்களுக்கே மீண்டும் மீண்டும் போட்டனர். பள்ளிக்கு வாராத பிள்ளை, கைக்குழந்தை, விடியுமுன் கூலிக்குச் செல்லும் தாய், செங்கற்சூளையில் தங்கியோர், பிழைப்பிற்காக இடம்பெயர்வோர் ஆகியோர் விடுபட்டனர். நோயோ விடுபட்டவரையே தேடிச் சென்றது. என் பாட்டியார் கூறிய சாவடிக் கணக்கே நாடு தழுவிய கணக்காயிற்று எனலாம்.

சென்னை காட்டிய உண்மை

இந்நிலையில் நம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி உலகிற்கே பயன்பட்டது. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திர ராவும் அவருடன் பணியாற்றியோரும் நோய் புகுந்த 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தோருள், தடுப்பூசி இல்லாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேரை நோய் பற்றியது. தடுப்பூசி பெற்றவர்களிலோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரையே பற்றியது. காட்டுத்தீ எனப் பலரும் அஞ்சிய நோய், உண்மையில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டிற்கு மெல்ல நடந்து செல்வதே என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

நடந்து செல்லும் பகைவனை வழிமறித்தல் இயலுமன்றோ? நோயுள்ள வீட்டை உடனே கண்டறிந்து, நோயாளியைத் தனித்திருக்கச் செய்து, அவரைச் சூழ வாழும் அனைவர்க்கும் ஊசி போட்டுவிட்டால் நோய் செல்ல வழியின்றி அழியும். இதுவே தேடிக் கண்டு வளைக்கும் முறை. உலகச் சுகாதார நிறுவனம் 1967இல் தீவிரப்படுத்திய ஒழிப்புப் பணியில் இம்முறையே சிறந்த படைக்கலமாயிற்று. பெரியம்மை மனிதரையன்றி விலங்கைப் பற்றித் தங்குவதில்லை. கொப்புளம் வெளியே தெரிவதால் மறைந்தும் இருப்பதில்லை. இவ்விரு தன்மைகளும் வேட்டைக்குத் துணை செய்தன. வெப்பத்தில் கெடாத உலர்ந்த மருந்தும், இரு முனையுள்ள ஊசியும் வந்து சேர்ந்தன. சிறிது பயிற்சி பெற்ற எவரும் அவ்வூசியால் 15 முறை விரைந்து குத்தி மருந்தேற்றலாம்.

வீடு வீடாகத் தேடுதல்

1973ஆம் ஆண்டிற்குள் தென்னாட்டில் நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது. பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றில் அது வேரூன்றி நின்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வீடு வீடாகத் தேடும் பணி தொடங்கிற்று. தேடியபின்தான் எத்தனை ஆயிரம் நோயாளிகள் கணக்கில் வாராமல் மறைந்து கிடந்தனர் என்பது அரசிற்கே தெரிந்தது. 1974இல் கொள்ளை நோய் பீகாரில் பேயாட்டம் ஆடிற்று. அவ்வோர் ஆண்டில் இந்தியாவில் 1,88,003 பேர் நோயுற்றனர். 31,262 பேர் மாண்டனர்.

அரசு தளரவில்லை. தேடுதல் உச்சத்தை அடைந்தபோது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பணியாளர் 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழப் 10 கோடி வீடுகளின் கதவைத் தட்டினர். நோயுற்ற குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் ஏந்தி, சந்தையிலும் தேநீர்க் கடையிலும் பள்ளியிலும் காட்டி, "இப்படி யாரையேனும் கண்டீர்களா?" என்று கேட்டனர். பல இடங்களில் உண்மையைச் சொன்னவர் பள்ளிச் சிறுவரே. நோயுள்ள வீட்டு வாயிலில் இரவும் பகலும் காவலர் அமர்ந்தனர். வேலைக்குச் செல்லாவிடில் அடுப்பெரியாத குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்கிய இடங்களும் உண்டு. 'வெளியே போகாதே' என்று ஏழைக்குச் சொல்பவர், அவனுக்குச் சோற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியிருக்கிறது. நோயைத் தெரிவிப்போர்க்குப் பரிசும் அறிவிக்கப்பெற்றது. 1975இல் அஃது 1,000 ரூபாயாக உயர்ந்தது.

மறைக்கத் தகாத ஒரு செய்தி

வரலாறு எழுதுவோன் புகழை மட்டும் எழுதலாகாது. இறுதிக் கட்டத்தில் சில இடங்களில் வன்முறையும் நடந்தது. பீகாரின் தென்பகுதியில் ஹோ பழங்குடித் தலைவர் ஒருவர் தம் நம்பிக்கையின் காரணமாக ஊசியை மறுத்தார். இரவில் அவர் வீட்டுக் கதவை உடைத்துப் புகுந்து, அவரையும் குடும்பத்தாரையும் பிடித்து அழுத்தி ஊசி போட்டனர். யாவும் முடிந்தபின் அவர், தம் தோட்டத்தில் காய்த்த வெள்ளரிக்காயைப் பறித்து வந்தவர்க்கு விருந்தளித்தார் என்று அக்குழுவில் இருந்தவரே பின்னாளில் எழுதினர். ஊசி அவர் உயிரைக் காத்திருக்கலாம். ஆயினும் கதவை உடைக்காமல் காத்திருந்தால் அவர் மானமும் காக்கப்பட்டிருக்கும். செல்வர் வீட்டுக் கதவை அவர்கள் அவ்வாறு உடைத்திருப்பார்களா என்று நாம் கேட்கலாம். ஒரு காலத்தில் நம் வாயிலுக்கு வரவே மறுத்தனர். மற்றொரு காலத்தில் வாயிலை உடைத்து வந்தனர். கதவைத் தட்டி, அமர்ந்து, விளக்கி, இசைவு பெற்று ஊசி போட்ட ஆயிரமாயிரம் எளிய பணியாளரே மெய்யான வீரர் ஆவர்.

கடைசி நோயாளி

1975ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அசாம் மாநிலத்துக் கரீம்கஞ்ச் தொடர்வண்டி நிலையத்தில் பெண்ணொருத்தி அம்மை கண்டு கிடந்தாள். வங்காள தேசத்திலிருந்து வந்தவள், இரந்துண்டு வாழ்ந்தவள், வீடு இல்லாதவள். அவளே இந்தியாவில் கண்டறியப்பட்ட கடைசிப் பெரியம்மை நோயாளி. பத்துக் கோடி வீடுகளைத் தேடியவர்கள், வீடே இல்லாத ஒருத்தியைத் தேடிக் கண்டபோதுதான் போர் முடிந்தது. அவளைப் பொருட்படுத்தாது விட்டிருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகியிருக்கும்.

1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆய்வுக்குழு இந்தியா நோய் நீங்கிய நாடு எனச் சான்றளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய இறுதி நோயாளி கண்டறியப்பட்டார். 1980 மே 8ஆம் நாள் உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்தது என உலகச் சுகாதார மாமன்றம் அறிவித்தது. என் மாணவன் கையில் அத்தழும்பு இல்லாததன் காரணம் இதுவே.

நாம் கொள்ள வேண்டியது

அதன்பின் இளம்பிள்ளைவாதமும் இவ்வழியிலேயே விரட்டப்பட்டது. 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்ட குழந்தையே இயற்கையான நச்சுயிரியால் அந்நோயுற்ற இந்தியாவின் கடைசி நோயாளி. கொரோனா காலத்தில், 2021இல் தடுப்பூசி வந்தபோது, பழைய கேள்வியே மீண்டும் எழுந்தது: கடைசி வீட்டிற்குப் போய்ச் சேர்ந்ததா? கொல்லிமலையில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மருந்து மேலே வந்தபின்னும், சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு அதனை எடுத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் நம் பிள்ளைகளுள் ஒருவராக இருத்தல் வேண்டும். இளைஞர்களே! செவிலியராகுங்கள், மருத்துவராகுங்கள், சுகாதார ஆய்வாளராகுங்கள். கணக்கு எழுதும் கை நம்முடையதானால், நம் குடியிருப்பு கணக்கில் விடுபடாது. காய்ச்சல் கண்டால் மறைக்காதீர்கள். தடுப்பூசியை வதந்தி கேட்டு மறுக்காதீர்கள். 'ஊர் முழுமைக்கும் முடிந்தது' என்று எவரேனும் கூறினால், பணிவோடும் உறுதியோடும், "எங்கள் தெருவும் அதில் உண்டா?" என்று கேளுங்கள்.

என் பாட்டியார் எழுதப் படிக்க அறியார். அந்தக் கேள்வியைக் கேட்க அன்று அவர் சேரியில் ஒருவரும் இலர். கேட்கக் கற்றவர்களை உருவாக்கவே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. அப்பணி தொடர்க!