எண்ணப்படாத நாட்கள்: பெம்பா உழைப்புக் குறிப்பேடு குறித்து ஒரு மறுவாசிப்பு

மானிடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் 1939-இல் வெளியிட்ட நூலுக்குப் பொருள், வடக்கு ரொடீசியாவின் (இன்றைய சாம்பியா) பெம்பா மக்களுடைய நிலமும் உழைப்பும் உணவும். அதில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பிற்சேர்க்கையாக உள்ள நாட்குறிப்பு. 1933 செப்டம்பர் வாக்கில் கசாக்கா என்ற ஊரிலும், 1934 ஜனவரியில் கம்பாம்பா என்ற ஊரிலும் ஒவ்வொருவரும் அன்றன்று செய்தது அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கங்களிலிருந்து நேரெதிரான இரண்டு முடிவுகள் பிறந்திருக்கின்றன. பெம்பா ஆண்கள் சோம்பேறிகள் என்றது ஒரு சாரார். தேவை குறைவானதால் ஓய்வு மிகுந்து நிறைவாக வாழ்ந்தவர்கள் என்றது 1970களில் வலுப்பெற்ற மற்றொரு சாரார். முதல் தரப்பை இன்று யாரும் வெளிப்படையாக ஏற்பதில்லை. இரண்டாம் தரப்போ இன்னும் பாடநூல்களில் வாழ்கிறது. இரண்டும் ஒரே பிழையின் மேல் நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்: வயலில் கழியாத நாளை ஓய்வு நாளாக எண்ணிவிட்டார்கள்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். பெம்பா உழவின் அச்சாணி சிதெமெனே. ஆண்கள் மரமேறி, அடிமரத்தை விட்டுவிட்டுக் கிளைகளை மட்டும் வெட்டிச் சாய்ப்பார்கள். காய்ந்த கிளைகளைப் பெண்கள் சுமந்து வந்து வட்டமாக அடுக்குவார்கள். மழைக்குச் சற்று முன்பு குவியலுக்குத் தீ வைத்து, ஆறிய சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். நம் வயல்களில் விளையும் அதே தானியம்தான். அதன் தாயகம் கிழக்காப்பிரிக்க மேட்டுநிலம். விதைக்கும் பரப்பைப்போல் ஆறு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலான காட்டிலிருந்து கிளை சேர்க்க வேண்டும். அமிலத்தன்மை கொண்ட அந்த மண்ணில் சாம்பலும் சூடும் இல்லாமல் விளைச்சல் இல்லை. மே மாதவாக்கில் தொடங்கும் வெட்டு, கசாக்காவில் குறிப்பெடுத்த நாட்களில் முடியும் தறுவாயில் இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் கோடாரி எடுக்காத ஆணைக் கண்டு அவனுடைய ஆண்டுக் கணக்கை முடித்துவிடலாமா? அறுவடை முடிந்த தை மாதத்தில் ஓர் ஊரைக் கண்டு, உழவர் உழைப்பதே இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பானது இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கசாக்காவும் கம்பாம்பாவும் வேறு ஊர்கள். குறிப்பெடுத்த பருவங்களும் வேறு. எனவே இரண்டுக்கும் இடையே காணும் வேறுபாடு ஊரால் வந்ததா பருவத்தால் வந்ததா என்று குறிப்பேட்டை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. 1931-32இல் உலகப் பொருளாதார மந்தத்தால், பெம்பா ஆண்கள் வேலைக்குப் போன செப்புச் சுரங்கங்கள் பெருமளவில் ஆட்குறைப்புச் செய்திருந்தன. அதற்கு மிக அண்மையில் எழுதப்பட்ட பதிவை வழக்கமான ஆண்டின் பதிவாக நான் ஏற்கத் தயங்குகிறேன்.

ஆனால் என் முதன்மை மறுப்பு ‘ஓய்வு’ என்ற வகைப்பாட்டைப் பற்றியது. பிற்கால வாசகர்கள் அந்தப் பெயரால் ஒன்றாகச் சேர்த்த நாட்களுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு செயல்கள் மறைந்து கிடக்கின்றன.

ஒன்று, பசியில் ஒடுங்கிய உடல். ஜனவரி முதல் மார்ச் வரை பஞ்ச மாதங்கள். குதிர்கள் காலியாகும், புதிய கதிர் முற்றியிருக்காது. 1936-இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் விடோசனுடன் சேர்ந்து வெளியிட்ட உணவாய்வில் ரிச்சர்ட்ஸ் தொடர்ந்த கேள்வியே உணவுக்கும் உடல் வலிமைக்கும் உள்ள தொடர்புதான். பெம்பா மக்களுக்கு உப்வாலி எனும் கெட்டிக் களிதான் சாப்பாடு. அதற்கு உமுனானி எனும் தொடுகறி வேண்டும். நாளெல்லாம் வேறெதையாவது கொறித்திருந்தாலும், உப்வாலி இல்லாத நாளில் தாம் உண்ணவே இல்லை என்பார்கள். அத்தகைய நாளில் திண்ணை நிழலில் கிடப்பவரின் நாளை ஓய்வுக் கணக்கில் எழுதுவது எண்ணிக்கைப் பிழை மட்டுமல்ல, அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதியும்கூட.

இரண்டு, பயணம். பசிக் காலத்தில் உறவினர் ஊருக்கு நடப்பது விருந்தாடுவதற்காக அல்ல. பிறர் தோட்டத்தில் வேலை செய்து தானியம் பெறுவதற்கு பெம்பா மொழியில் உகுபுலா என்று தனிச் சொல்லே உண்டு. அந்த உழைப்பின் பெரும்பகுதி பெண்களுடையது. வெளியூர் போனவர் என்று பதிவான பெண் எங்கோ களை பறித்துக்கொண்டிருந்திருக்கலாம். கேழ்வரகுக் கள்ளும் இப்படித்தான்: பல வேளைகளில் அது கூட்டு வேலைக்கு அழைப்பு, அல்லது அதற்கான கூலி.

மூன்று, காத்திருப்பு. நம்பிக்கை வேலையோடு பிணைவது இங்கேதான். லேசா எனும் பெருங்கடவுள் தொலைவில் இருப்பவர். விளைச்சலைக் காப்பவை இமிபாஷி எனும் முன்னோர் ஆவிகள். மரம் வெட்டத் தொடங்கும்போதும் விதைப்பிலும் முதல் விளைச்சலிலும் தலைவர்கள் அந்த ஆவிகளை வேண்டுவார்கள். சிட்டிமுகுலு எனும் மாத்தலைவரின் உடல் தூய்மையோடு நாட்டின் வளமே இணைத்து எண்ணப்பட்டது. காட்டுக்குத் தீ வைக்கும் நாளும் தலைவரின் சொல்லுக்குக் காத்திருந்தது. ஒருவர் அவசரப்பட்டால் அண்டையார் இன்னும் அடுக்காத கிளைகளெல்லாம் எரிந்து, அவர்களுடைய ஓராண்டுச் சோறு சாம்பலாகிவிடும். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் இந்த உழவில் ஒரு வேலை. சடங்கு அந்த வேலைக்கு நாள் குறித்தது.

இது சடங்குக்குப் பின்னால் நானே ஏற்றிச் சொல்லும் பயன் என்று சிலர் கூறலாம். அந்த மறுப்பு என்னை அதிகம் தடுக்கவில்லை. ஆவிகளுக்கு அஞ்சியவர்களும் அண்டையார் கிளைக்குவியலைக் காத்தவர்களும் அதே மக்கள்தான். நம்பிக்கை வேறு, பயன் வேறு என்று அவர்கள் பிரித்துக்கொண்டதற்குச் சான்றில்லை.

ஓர் எச்சரிக்கை. இம்மூன்று வகைகளில் எத்தனை எத்தனை நாட்கள் அடங்கும் என்று நான் விகிதம் சொல்லப்போவதில்லை. குறிப்பேடு அதற்கு இடம் தரவில்லை. உண்மையான ஓய்வு பெம்பா வாழ்வில் இருந்ததே இல்லை என்பதும் என் வாதமல்ல. மறைந்த மூன்றையும் பிரித்தறியாமல் அந்தக் கணக்கிலிருந்து சோம்பலையோ நிறைவையோ பெற முடியாது என்பதுதான்.

இந்தப் பிழைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1906-இல் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்க கம்பெனியின் நிர்வாகம் மிதாண்டா எனும் தோட்டக் குடிசைகளுக்கும் சிதெமெனேவுக்கும் தடை போட்டது. மக்களை ஊரில் வைத்து எண்ணுவதும் வரி வாங்குவதும் அதற்கு வசதி. பயிர் காக்கத் தோட்டத்தில் தங்குவது அதன் கண்ணில் அலைச்சல். மரக்கிளை வெட்டுவது வீண். பசி பரவவே, சில ஆண்டுகளிலேயே, 1909 வாக்கில், தடையைத் தளர்த்த நேர்ந்தது. வேலை எந்த இடத்தில், எந்த மாதத்தில், யார் கையால் நடக்கிறது என்று கேட்காத கணக்கு முதலில் பசியாக அந்த மக்கள் மேல் விழுந்தது. பிறகு புகழாகத் திரும்பி வந்தது. ரிச்சர்ட்ஸின் குறிப்பேட்டை ஆண்டின் வேலைச் சுற்றோடு வைத்து, ஒவ்வொரு ‘வேலையற்ற’ நாளின் எதிரிலும் எந்த இடம், எந்த மாதம், யார் கை என்ற மூன்று கேள்விகளை எழுதிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், பெம்பா மக்களுக்குத் தேவைப்பட்டவை எவை என்பதும் தெளிவாகும்: மரமேறும் கைகள் ஊரில் இருப்பது, பசி மாதங்களைத் தாண்டும் தானியம், எல்லோருடைய குவியலும் தயாராகும்வரை தீயைத் தடுத்து வைக்கும் ஒரு சொல்.