ஸ்டில் கவர் முதல் ஹாஷ்டேக் வரை

கோடம்பாக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கோடம்பாக்கம் என்றாலே சினிமாதான். நடிகர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது, டைட்டிலில் "மக்கள் தொடர்பு" என்று போட்டு ஒரு பெயர் வந்து மறையுமே, அந்தப் பெயரைப் பற்றி. நாம் பாப்கார்னோடு ஸீட்டைத் தேடிக் கொண்டிருக்கும் நேரத்தில் அது போய்விடும்!

நான் கணினிப் பொறியாளன். ஒரு தகவல் புறப்பட்ட இடத்திலிருந்து சேர வேண்டிய இடத்துக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால், கோடம்பாக்கத்தின் பி.ஆர்.ஓ.க்கள் எனக்குத் தொழில்முறையில் மூத்த அண்ணன்மார்கள்.

தண்டோராக் காலம்

1931-ல் 'காளிதாஸ்' வந்த நாளிலிருந்தே விளம்பரமும் கூடவே வந்துவிட்டது. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, வீதியெல்லாம் நோட்டீஸ் வீசிக் கொண்டு போவார்கள். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் கிடைக்கும். அதில் கதைச் சுருக்கத்தைப் பாதி வரை சொல்லிவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்தி விடுவார்கள். இன்றைய டீஸருக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா.

இந்தக் கலையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் எஸ்.எஸ். வாசன். விளம்பரத் தொழிலில் தொடங்கி, ஆனந்த விகடனை நடத்தி, ஜெமினி ஸ்டுடியோவை நிறுவியவர். 1948-ல் 'சந்திரலேகா'வை எடுத்தபோது படத்துக்கு மட்டுமல்ல, விளம்பரத்துக்கும் தண்ணீராகப் பணம் செலவழித்தார். அதே ஆண்டு இந்தியிலும் வெளியிட்டு வடநாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

வதந்திக் காலம்

அந்தக் காலத்தில் எல்லாம் யோக்கியமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள், தம்பிகளே! யூடியூப் கிசுகிசு இல்லாத நாளிலும் மஞ்சள் பத்திரிகை இருந்தது. 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று நடத்தி, நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதியவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல்தான் விடுதலையானார்கள். 'ஹரிதாஸ்' ஓடிக் கொண்டிருந்தபோது சிறைக்குப் போன பாகவதருக்குப் பழைய மார்க்கெட் திரும்பவே இல்லை.

பொறுப்பில்லாத எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோடம்பாக்கம் கொடுத்த முதல் விலை அது. எழுதியவர் உயிரும் போயிற்று, எழுதப்பட்டவர்கள் வாழ்வும் போயிற்று.

ஆனந்தன் வந்தார்

அமெரிக்காவில் 1906-ல் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் கம்பெனிக்காக வேலை பார்த்த ஐவி லீ, விபத்தை மூடி மறைக்காமல், நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் அதுதான் என்பார்கள். நாமே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டால் வதந்திக்கு இடம் குறையும் என்பது அதன் தத்துவம்.

நம் ஊரில் அந்த வேலைக்கு ஒரு பெயரும் டைட்டில் கார்டும் வாங்கித் தந்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். அடிப்படையில் புகைப்படக்காரர். 'பிலிம் நியூஸ்' பத்திரிகையில் அவர் எடுத்த படங்கள் வர, பத்திரிகைப் பெயரே அடைமொழியாக ஒட்டிக் கொண்டது. 1958 ஆகஸ்ட் 22-ல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தயாரித்து இயக்கிய படம். அதன் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ஆனந்தன் ஏற்றுக் கொண்டார். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அன்று ஒரு படம் பத்திரிகையில் வர என்ன பாடு தெரியுமா? நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட வேண்டும். பின்பக்கம் நடிகர் பெயர், படத்தின் பெயர் எழுத வேண்டும். கவரில் போட்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏற வேண்டும். அங்கே பிளாக் எடுத்து, அச்சு ஏறினால்தான் படம் வாசகர் கைக்கு வரும். ஆசிரியர் "இது யாருய்யா?" என்று கேட்டால், எதிரே நின்று பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். தகவல் தப்பென்றால் நாளைக்கு அதே படியில்தான் ஏற வேண்டும். அந்த பயம்தான் அன்றைய தரக் கட்டுப்பாடு!

ஆனந்தன் இன்னொன்றும் செய்தார். பத்திரிகைக்குக் கொடுத்ததோடு விடாமல் சேர்த்தும் வைத்தார். எந்தப் படம், எந்தத் தேதி, யார் தயாரிப்பு, யார் நடிப்பு என்று படம் படமாகக் குறித்து வைத்தார். தமிழில் வந்த மௌனப் படங்களும் தொடக்ககாலப் பேசும் படங்களும் பெரும்பாலும் அழிந்து போய்விட்டன. அவற்றைப் பற்றி நாம் இன்று நிச்சயமாகச் சொல்லும் விவரங்களில் பல, இந்த ஒரு மனிதரின் குறிப்பேடுகளால் பிழைத்தவை. அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கிக் கொண்டது. 2004-ல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலாகவும் வந்தது. 2016 மார்ச்சில் அவர் காலமானார்.

ஹாஷ்டேக் காலம்

இடையில் 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தது, 1993-ல் சன் டி.வி. வந்தது. ஒவ்வொன்றும் பி.ஆர்.ஓ.வின் டைரியில் ஒரு புதுப் பக்கம். ஆனால் 2011 நவம்பர் 16 புத்தகத்தையே மாற்றியது. 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டின் ஒத்திகை வடிவம் முன்கூட்டியே கசிந்துவிட, அதிகாரபூர்வ வீடியோவை அன்று யூடியூபில் விட்டார்கள். சில நாட்களில் உலகம் முழுக்கப் பாடியது. எந்த எடிட்டரின் மேஜையிலும் கவர் வைக்கப்படவில்லை! ஆனால் 2012 மார்ச்சில் '3' படம் வந்தபோது, பாட்டுக்குக் கிடைத்த வெற்றி படத்துக்குக் கிடைக்கவில்லை.

இதில் பொறியாளனாக ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'டிரெண்டிங்' என்பது எத்தனை பேர் பேசினார்கள் என்ற கணக்கு மட்டுமல்ல. எவ்வளவு திடீரென்று பேச்சு கூடியது என்பதையே அது முக்கியமாகப் பார்க்கிறது. அதனால்தான் ரசிகர்கள் ஒரு நேரம் குறித்துக் கொண்டு ஒரே சமயத்தில் ஹாஷ்டேக் போடுகிறார்கள். அது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி. சூடு தெரியும், நோய் என்னவென்று தெரியாது.

2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்தில் ரசிகர்களிடம் யூடியூப் பேட்டி எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று கேட்டுக் கொண்டது. விமர்சனங்களுக்கு எதிராக உயர் நீதிமன்றமும் போனது. விமர்சனத்துக்குத் தடை போட நீதிமன்றம் இசையவில்லை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வாயை மூடி வதந்தியை வென்றவர் இல்லை. முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னவர்தான் வென்றிருக்கிறார்.

மிஞ்சுவது என்ன?

இன்று செய்தி ஒரு நொடியில் சிங்கப்பூருக்கும் டொரண்டோவுக்கும் போகிறது. நல்லதுதான். ஆனால் அதன் பின்பக்கத்தில் பெயர் எழுதுவது யார்? பத்து வருஷம் முன்பு பார்த்த லிங்க்கைத் தட்டிப் பாருங்கள், பல திறக்காது. வேகத்தைக் கண்டுபிடித்த நாம், வைத்துக் காப்பவரைக் கைவிட்டு விட்டோம்.

சினிமாவை விடுங்கள். நம் கல்லூரிக் கதையும் இதேதான். நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுக்களில் ஆயிரக்கணக்கில் படங்கள் ஓடுகின்றன. அனுப்ப அனுப்பத் தெளிவு குறைகிறது. யார், எந்த வருஷம், எந்த விழா என்று ஒரு வரி கிடையாது. போன் மாற்றினால் அதுவும் போச்சு. அண்ணன்மார்களே, அக்காமார்களே, வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய குரூப் போட்டோவை எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். தம்பி தங்கைகளே, அதைச் சுருக்காமல் ஸ்கேன் செய்து, இரண்டு இடத்தில் சேமித்து, நூலகத்தில் ஒரு பட்டியல் வையுங்கள். ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கோடம்பாக்கத்துக்கு ஓர் ஆனந்தன் கிடைத்தார். நம் கல்லூரிக்கு அப்படி ஒருவர் தானாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.