வாசித்தேன், வாசித்துவிட்டேன்

சில வருஷங்களுக்கு முன், சாரல் காலத்தில், ஐந்தருவியில் குளித்துத் திரும்பித் தென்காசியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்த அண்ணாச்சி கேட்டார்: "வே, 'போரும் வாழ்வும்' வாசிச்சிருக்கீரா?" "வாசிச்சேன் அண்ணாச்சி" என்றேன். அவர் விடவில்லை. "வாசிச்சீரா, வாசிச்சு முடிச்சிட்டீரா?" முதல் பாகத்தோடு நின்றுபோனவன் நான். 'வாசிச்சேன்' என்பதில் பொய் இல்லை. பொய் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. இரண்டாவது கேள்வி அந்த இடத்தை அடைத்துவிட்டது.

அந்த நாவலின் மூலமொழியில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு வினைகள் உண்டு. ரஷ்ய வினைகள் பெரும்பாலும் இரட்டையாகவே வருகின்றன. 'சித்தாத்' என்றால் வாசிப்பு நடந்தது, நடந்துகொண்டிருந்தது, அல்லது வழக்கமாக நடந்துவந்தது. முடிந்ததா என்பது கேள்வியில்லை. 'ப்ரசித்தாத்' என்றால் கடைசிப் பக்கத்தையும் தாண்டியாகிவிட்டது. 'ரெஷாத்' கணக்கோடு மல்லாடுவது. 'ரெஷீத்' விடை கண்டுவிடுவது. 'உமிராத்' செத்துக்கொண்டிருப்பது, 'உமெரேத்' செத்துப்போவது. வாய் திறக்கும்போதெல்லாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இது காலம் அல்ல. காலம், செயல் எப்போது என்று கேட்கிறது. இதுவோ, செயலை வெளியே நின்று முழுசாகப் பார்க்கிறாயா, உள்ளே நின்று பார்க்கிறாயா என்று கேட்கிறது. மொழியியலில் இதற்கு வினைநோக்கு என்று பெயர்.

லத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளில் இந்தப் பிளவு இறந்தகாலத்துக்குள் குடியிருக்கிறது. ஃப்ரெஞ்சில் 'எக்ரிவெ' என்றால் எழுதிக்கொண்டிருந்தான், எழுதுவது வழக்கம். 'எக்ரிவி' என்றால் எழுதி முடிந்த சம்பவம். விகுதி மட்டுமே வேறு. டால்ஸ்டாயின் நாவல் 1805இல் பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தியின் வரவேற்பறையில் ஃப்ரெஞ்சுப் பேச்சோடுதான் தொடங்குகிறது. 1873ஆம் வருஷப் பதிப்பில் டால்ஸ்டாய் அந்த ஃப்ரெஞ்சை நீக்கி ரஷ்யனாக்கினார். இறந்தகாலம் பேசிய ஒவ்வொரு ஃப்ரெஞ்சு வினைக்கும் ரஷ்ய இணையில் எது என்று அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பின் சங்கடம் மூலத்துக்குள்ளேயே நடந்தேறிய விஷயம் இது.

இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த டி.எஸ். சொக்கலிங்கம் தென்காசிக்காரர், 1899இல் பிறந்தவர். 1933இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா. இருவரோடும் சேர்ந்து 'மணிக்கொடி'யைத் தொடங்கியவர். அடுத்த வருஷம் 'தினமணி'யின் முதல் ஆசிரியர். அவருக்கு டால்ஸ்டாய் கிடைத்தது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தின் சாதாரண இறந்தகாலம் என் 'வாசிச்சேன்' மாதிரிதான். செயல் முடிந்ததா என்பதைப் பல இடங்களில் சொல்லாமலே போய்விடும். பாலத்தில் நிற்பவருக்கு அக்கரையில் செய்யப்பட்ட தேர்வு முழுக்கத் தெரிய வழியில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை பெரிய வேலையை ஒரு மனிதர் செய்து முடித்தார் என்பதே நம் சூழலில் பெரிய காரியம். என்னை உறுத்துவது வேறு: ஆங்கிலத்தில் கழன்றுவிழுந்ததை எடுத்து மாட்ட வேண்டிய ஆணி தமிழ்ச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது.

இளவரசன் ஆந்த்ரே சாவதற்கு முன் ஒரு கனவு காண்கிறான். கனவில் அவன் செத்த அந்தக் கணமே விழிப்பாக ஆகிவிடுகிறது. ரஷ்யனில் இரண்டுமே முற்றிய வினைகள். 'செத்தான், விழித்தான்' என்பது தகவல். 'செத்துப்போனான், விழித்துக்கொண்டான்' என்றால்தான் ஒரு வாசல் சாத்தி இன்னொன்று திறக்கிறது.

விடு, போ, போடு, கொள், இரு, தொலை: இந்தத் துணைவினைகள் நம் பேச்சு முழுக்க இறைந்துகிடக்கின்றன. தொல்காப்பியம் காலம் மூன்று என்றது. இவற்றை வினைநோக்கு என்று தனியே எடுத்து ஆராய்ந்தது பின்னால்தான். ஹெரால்ட் ஷிஃப்மன் 1969இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தந்த ஆய்வேடும், இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட நூலும் முக்கியமானவை. ரஷ்யனில் தேர்வு கட்டாயம். தமிழில் சொல்பவன் இஷ்டம். இஷ்டம் என்பதாலேயே இங்கே சொல்பவனின் மனமும் கூட வந்து ஒட்டிக்கொள்கிறது. 'உடைந்தது' என்பதில் மனிதர் யாரும் இல்லை. 'உடைஞ்சு போச்சு' என்பதில் வருத்தம். 'உடைச்சுத் தொலைச்சான்' என்பதில் எரிச்சல். இன்னொரு ஆச்சரியம். முற்றிய ரஷ்ய வினைக்கு நிகழ்கால விகுதி சேர்த்தால் எதிர்காலமாகிவிடும். தென்காசி பஸ் ஸ்டாண்டில், "இந்தா வந்துருதேன்" என்பவர் இன்னும் கிளம்பியே இருக்க மாட்டார். உருவம் நிகழ்காலம், அர்த்தம் எதிர்காலம்.

பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இதன் மறுபக்கத்தைத் தொட்டார். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் சொல்லும்போது வினைகள் பெரும்பாலும் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் ஓடுகின்றன. அந்த மலையில் எதுவும் நடந்து முடிவதில்லை, நடந்தபடியே இருக்கிறது. 1954இல் மறைந்த டி.கே.சி. குற்றாலத்தில் உட்கார்ந்து பேச்சுத் தமிழின் உயிரைப் பற்றி ஓயாமல் சொன்னதை ரசனைக்காரரின் உற்சாகம் என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது அது இலக்கணத்தைப் பற்றிய பேச்சாகவே படுகிறது.

என் அம்மா போனபோது உறவுக்காரர்களுக்கு நான் எழுதிய கார்டில் 'தாயார் காலமானார்' என்று இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஆச்சி போயிட்டாளே" என்று அழுதார்கள். காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலில் மகன் தாயின் மரணத்தைச் சொல்லும் காலவடிவம் வாக்கியங்களைத் தனித்தனித் தீவாக்குகிறது என்று மறுவருஷம் சார்த்தர் எழுதினார். காம்யு அந்தத் தனிமையைத் தேர்ந்துகொண்டார். நான் தேரவில்லை. எழுத்து என்றால் இப்படித்தான் என்ற பழக்கம் எனக்குப் பதிலாக எழுதிவிட்டது. நம் பத்திரிகை உரைநடையும், கவிதையின் பெரும்பகுதியும், 'விட்டது', 'போயிற்று' எல்லாவற்றையும் கொச்சை என்றோ ஊளைச்சதை என்றோ வெட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. சிக்கனம் என்று நாம் நினைத்தது பல இடங்களில் சொல்பவனையே வெளியேற்றியதுதான்.

இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறேன். அண்ணாச்சி கேட்டால், வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம்.