வீட்டில் பீர் காய்ச்சும் கருவி: ஹீட்டர், பம்ப் தேர்வில் என்ன கவனிக்கணும்? எங்கே ஆபத்து?

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கேஸ் அடுப்பில் காய்ச்சிக் கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது மின்சாரத்துக்கு மாறிவிட்டார்கள்.

காரணம், மூடிய அறைக்குள் புரொப்பேன் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும். மின் ஹீட்டரில் அந்தப் பயம் இல்லை. ஆனா தண்ணீர், உலோகப் பாத்திரம், ஆயிரக்கணக்கான வாட் மின்சாரம் மூணும் ஒரே இடத்தில் சேர்வதால், தப்பான பொருளை வாங்கினால் ஷாக், தீ விபத்து வரைக்கும் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1978-ம் ஆண்டு அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச வரிவிலக்கு தந்தது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை அனுமதி. பிரிட்டனில் இதற்கான லைசென்ஸ் கட்டுப்பாடு 1963-ல் நீங்கியது. ஆனால் இரண்டு நாடுகளிலுமே அனுமதி இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம்.

தமிழ்நாட்டில் கதையே வேறு. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிக்க முடியாது.

எத்தனை வாட் ஹீட்டர் தேவை?

பீர் காய்ச்சும்போது, முளைகட்டிய பார்லியை சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பார்கள். இதற்கு 'வோர்ட்' என்று பெயர். பிறகு அதில் ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணி நேரம் வரை கொதிக்க விடுவார்கள்.

25 லிட்டர் வோர்ட்டை 65 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 3,700 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1,440 வாட் ஹீட்டர் என்றால் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5,500 வாட் என்றால் 11 நிமிடம் போதும். வெளியே வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அப்போ பெரிய ஹீட்டரே வாங்கிடலாமா?

முதலில் வீட்டு வயரிங் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். மொத்தம் 1,800 வாட்தான். நீண்ட நேரம் ஓடும் சாதனத்துக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1,440 வாட் வரைதான் கணக்கு. 5,500 வாட் ஹீட்டருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியரில் தனி லைன் இழுக்க வேண்டும். பிரிட்டனில் 13 ஆம்பியர் பிளக் தருவது அதிகபட்சம் 3 கிலோவாட்.

இன்னொரு விஷயம்: 240 வோல்ட்டுக்கான 5,500 வாட் ஹீட்டரை 120 வோல்ட்டில் மாட்டினால் பாதி சக்தி வரும் என்று நினைப்பார்கள். வருவது கால்வாசிதான், 1,375 வாட். வோல்டேஜ் பாதியாகும்போது மின்னோட்டமும் பாதியாகிவிடும் என்பதே காரணம்.

அடிப்பிடிக்காமல் இருக்க என்ன வழி?

வாட் ஒன்றாக இருந்தாலும் ஹீட்டரின் நீளம் முக்கியம். சின்னக் குழாயில் அதிக சூடு குவிந்தால் வோர்ட்டில் உள்ள சர்க்கரை கருகி, பீரில் தீய்ந்த வாசனை வரும். அதனால் நீளமாக, மடித்து மடித்துச் செய்த 'லோ டென்சிட்டி' ஹீட்டரையே தேர்வு செய்கிறார்கள். இந்த வகையில் மிகக் குறைந்தது சதுர அங்குலத்துக்கு சுமார் 50 வாட். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை நல்லது.

பம்ப் எப்படி இருக்கணும்?

பல லிட்டர் கொதிநீரைக் கையால் தூக்கி ஊற்றும்போது ஏற்படும் தீக்காயத்தைத் தவிர்க்கவே பம்ப். இதில் பார்க்க வேண்டியவை:

* மேக்னடிக் டிரைவ்: மோட்டாரும் உள்ளே சுழலும் விசிறியும் காந்தத்தால் மட்டுமே இணைந்திருக்கும். ஷாஃப்ட் சீல் இல்லாததால் கசிவு குறைவு.
* வெப்பம்: 100 டிகிரியைத் தாங்கும், உணவுக்கு ஏற்ற பொருள் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். ஹோஸும் சிலிக்கான் ஆக இருப்பது நல்லது. சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் இளகிவிடும்.
* உயரம்: பெட்டியில் எழுதியிருக்கும் அதிகபட்ச உயரத்தில் தண்ணீர் வரத்து பூஜ்யம். தேவையைவிடக் கூடுதல் உயரம் உள்ளதை வாங்க வேண்டும்.
* இடம்: இந்த பம்ப் தானாகத் தண்ணீர் இழுக்காது. பாத்திரத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும்.
* வால்வு: வேகத்தைக் குறைக்கும் வால்வு வெளியேறும் பக்கம் இருக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தை அடைத்தால், கொதிநிலையில் இருக்கும் திரவம் ஆவியாகி பம்ப் திணறும்.

கட்டாயம் இருக்க வேண்டிய பாதுகாப்பு என்ன?

மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி முதல் தேவை. அமெரிக்காவில் ஜிஎஃப்சிஐ சுமார் 5 மில்லிஆம்பியர் கசிவிலும், பிரிட்டனில் ஆர்சிடி பொதுவாக 30 மில்லிஆம்பியரிலும் துண்டிக்கும். உலோகப் பாத்திரத்துக்கு எர்த் இணைப்பும் வேண்டும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானால், பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். திரையில் ஆஃப் என்று காட்டினாலும் ஹீட்டர் கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் தனி சுவிட்ச் அவசியம்.

குழாய்க்குள் ஹீட்டர் வைத்து வோர்ட்டைச் சுற்றவிடும் அமைப்பில், பம்ப் நின்றால் ஹீட்டரும் தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது கருகி, ஆவி அழுத்தம் கூடிவிடும்.

நம்ம வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடுக்கும் இது பொருந்துமா?

அடிப்படை ஒன்றேதான். தண்ணீரில் மூழ்காமல் சுவிட்ச் போட்டால் ராடு எரிந்துவிடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் இதை மாட்டவே கூடாது.