தன்னைத் தின்று தப்பிக்கும் செல்

"பட்டினி கிடந்தால் புற்றுநோய் செல் தன்னைத்தானே தின்று செத்துவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்!" இப்படி ஒரு செய்தி 2016-க்குப் பிறகு வாட்ஸ்அப்பில் சுற்றியது. நோபல் பரிசு உண்மை. மீதி?

கதை 1955-ல் ஆரம்பிக்கிறது. பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ், செல்லுக்குள் லைசோசோம் என்ற செரிமானப் பை இருப்பதைக் கண்டுபிடித்தார். செல் தன் சொந்த பாகங்களையும் அதில் போட்டுக் கரைக்கிறது என்று பிறகு தெரிந்தது. 1963-ல் இதற்கு அவர் வைத்த பெயர் ஆட்டோஃபேஜி. கிரேக்க மொழியில் 'தன்னைத் தின்னுதல்' என்று அர்த்தம்.

பெயர்தான் பயங்கரம். காசில்லாத மாதத்தில் உடைந்த பாத்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டு அரிசி வாங்குவதில்லையா, அதே கணக்குதான். பட்டினி கிடக்கும் செல் பழுதான பாகங்களை உடைத்து, வரும் சத்தை வைத்துப் பிழைத்துக்கொள்கிறது. சாவதற்காக இல்லை, வாழ்வதற்காக!

ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு ஆராய்ந்து, இந்த வேலைக்குத் தேவையான 15 ஜீன்களை 1993-ல் அடையாளம் காட்டினார். 2016-ல் நோபல் வாங்கியது இவர்தான்.

1999-ல் அமெரிக்காவின் பெத் லெவின் குழு, பெக்லின் 1 என்ற ஆட்டோஃபேஜி ஜீன் மார்பகப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைக் குறைப்பதாகக் காட்டியது. ஆட்டோஃபேஜி நம்ம கட்சி என்று தோன்றியது.

ஆனால் 2006-ல் ஐலீன் வைட் குழு வேறொன்றைக் காட்டியது. ரத்தம் சரியாகப் போய்ச் சேராத கட்டியின் உட்பகுதியில், புற்றுநோய் செல்களும் இதே வழியில்தான் உயிர் பிழைக்கின்றன. மருந்து கொடுத்தாலும் அப்படியே. மருந்து செல்லைச் சேதப்படுத்துகிறது. செல் சேதமான பாகங்களைத் தின்று சமாளித்துவிடுகிறது.

அப்படியானால் தின்பதைத் தடுத்தால்? மலேரியா மருந்தான குளோரோகுயின் லைசோசோமின் அமிலத்தைக் குறைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும். 2007-ல் லிம்போமா வந்த எலிகளுக்கு மற்ற சிகிச்சையோடு இதையும் கொடுத்தபோது, கட்டி திரும்ப வருவது தள்ளிப்போனது.

மனிதர்களிடம் அவ்வளவு சுலபமாக இல்லை. 2014-ல் வெளியான மூளைக் கட்டி ஆய்வில், இதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை நாளுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. ரத்த அணுக்கள் குறைந்தன. ஆயுளும் கூடவில்லை. 2019-ல் வெளியான, 112 கணையப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில் கட்டி சுருங்கியவர்கள் அதிகம். ஆனால் ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்களின் விகிதம் உயரவில்லை.

ஆக, கட்டி உருவாகும் முன் காவல் காக்கும் அதே வேலை, உருவான பிறகு கட்டிக்கே கேடயமாகிவிடலாம். ஓசுமி ஈஸ்டில் கண்டதை வைத்து, கீமோ எடுக்கும் ஒருவரை "சாப்பிடாதே" என்று சொல்வது ஆபத்து. அவர் என்ன சாப்பிட வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும், ஃபார்வர்ட் மெசேஜ் வேண்டாம்.